துணுக்காய் வகுப்பறையில் வஸ்கொடகாமா

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வரலாற்றுப் பாடம் என்றால் ஆண்டுகளை மனனம் செய்வதுதான். 1492 கொலம்பஸ், 1498 வஸ்கொடகாமா, 1505 லொரன்சோ த அல்மேதா. வாத்தியாரின் பிரம்பு யாரை நோக்கி நீள்கிறதோ அவர் எழுந்து நின்று ஒப்புவிக்க வேண்டும். வஸ்கொடகாமா இந்தியாவுக்குக் கடல்வழி "கண்டுபிடித்தார்" என்று நாங்கள் பாடமாக்கினோம். அவர் வந்த அரபிக் கடலில் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அரேபியரும் குஜராத்திகளும் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரம்புதான் பதில் சொல்லியிருக்கும்.

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டு ஓய்ந்த பின்னர், 2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அந்தப் பாடத்தை மறுபடியும் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இடம் துணுக்காய். மாங்குளம் சந்தியில் கண்டி வீதியை விட்டு மேற்கே திரும்பினால், காடும் வயலும் குளமுமாக விரியும் நிலம் அது. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் கடல் அங்கிருந்து எட்டத்தில்தான். மல்லாவிப் பக்கத்தில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவரின் மகள் அங்குள்ள பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பிக்கிறார். "ஐயா, நாடுகாண் பயணங்கள் படிப்பிக்கப் போறன், வந்து பின்வாங்கிலை இருந்து கேளுங்கோ" என்று அழைத்திருந்தார். பாடவேளைக்குப் புறம்பாக, எட்டாம் ஒன்பதாம் தரப் பிள்ளைகளை ஒன்றாக இருத்தி நடத்திய வகுப்பு. நான் சொன்னபடியே பின்வாங்கில் இருந்தேன்.

எடுத்த எடுப்பிலேயே அவர் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. "இப்ப அடிக்கிறது என்ன காத்து?" என்று கேட்டார். "சோளகம்" என்று வகுப்பே சொன்னது. "மாரியிலை?" "வாடை." கமக்காரரின் பிள்ளைகளுக்கு இதை எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. வாடையோடு மழை வந்தால்தான் குளம் நிரம்பும், குளம் நிரம்பினால்தான் வயல். அவர் கரும்பலகையில் ஆபிரிக்காவையும் இந்தியாவையும் கோடாக வரைந்து, மலிந்தி என்ற துறைக்கு ஒரு புள்ளியும் கோழிக்கோட்டுக்கு ஒரு புள்ளியும் இட்டார். வஸ்கொடகாமா 1497 ஜூலையில் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டு, ஆபிரிக்காவைச் சுற்றி மலிந்திக்கு வந்து, அங்கிருந்த சுல்தான் கொடுத்த மாலுமியின் துணையோடு 1498 ஏப்ரல் 24இல் பாய்விரித்தார். மே 20இல் கோழிக்கோட்டுக்கு அருகே கப்பாட்டில் நங்கூரம் போட்டார். நான்கு கிழமைகூடப் பிடிக்கவில்லை. கூட வந்த மாலுமிக்குக் காற்றின் காலம் தெரியும்.

திரும்பும் பயணத்தில்தான் கதை மாறுகிறது. கோழிக்கோட்டுச் சாமூதிரியுடன் மனத்தாங்கல் முற்றி, வாடை பிடிக்கும்வரை காத்திராமல், ஒக்டோபர் தொடக்கத்திலேயே இந்தியக் கரையை விட்டுவிட்டார் வஸ்கொடகாமா. காற்று ஒத்துழைக்கவில்லை. அதே கடலைத் தாண்ட ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. 1499 ஜனவரி 2ஆம் நாள்தான் ஆபிரிக்கக் கரை கண்ணில் பட்டது. அதற்கிடையில் பல்முரசு வீங்கி அழுகி, கைகால் வீங்கி, ஏறத்தாழ முப்பது பேர் இறந்துபோனார்கள். புதிய பழமோ காய்கறியோ இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்தால் வரும் நோய் அது.

"ஏன் ரீச்சர் வாடை வரும்வரைக்கும் நிக்கேல்லை?" என்று ஒரு சிறுவன் கேட்டான். உலகத்தின் மாபெரும் மாலுமி என்று பாடநூல்கள் போற்றும் மனிதனை, விதைப்புக் காலம் தெரியாத ஒருவனைப் பார்ப்பதுபோல அவன் பார்த்தான் என்பதே என் எண்ணம். என் காலத்து வகுப்பில் இப்படி ஒரு கேள்வி பிறந்திருக்க முடியாது, ஏனென்றால் நாங்கள் வஸ்கொடகாமாவின் கப்பலில் ஏறி நின்றே படித்தோம். இந்தப் பிள்ளைகளைக் கரையில் நிறுத்திவிட்டார் ஆசிரியை.

கரையில் நின்றவர்களின் சாட்சியம் நம்மிடம் அதிகம் இல்லை. இருப்பவற்றில் ஒன்று இராசாவலிய என்ற சிங்கள வரலாற்று நூலில் உள்ளது. கொழும்புத் துறையில் வந்திறங்கிய போர்த்துக்கேயரைப் பார்த்தவர்கள் கோட்டை அரசனிடம் ஓடிப்போய், இரும்புச் சட்டை போட்ட வெள்ளை மனிதர்கள் வந்திருக்கிறார்கள், ஓரிடத்தில் நில்லாமல் உலாவுகிறார்கள், கல்லைத் தின்று இரத்தம் குடிக்கிறார்கள் என்ற கருத்தில் செய்தி சொன்னார்களாம். கல் என்றது பாணை, இரத்தம் என்றது முந்திரிகை மதுவை. பிள்ளைகள் சிரித்தார்கள். காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டு வந்த பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தப் பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. அவர்கள் இருந்த வாங்கு, ஆசிரியையின் மேசை, கதிரை, மூலையில் நின்ற அலுமாரி, அதன் சாவி, வெளிச்சம் வந்த ஜன்னல் எல்லாமே சொல்லளவில் போர்த்துக்கேயம்தான்.

இராசாவலிய சொல்லும் இன்னொரு செய்தியை ஆசிரியை கடைசிக்கு வைத்திருந்தார். அந்த அந்நியர்கள் ஒரு மீனுக்கும் ஒரு தேசிக்காய்க்கும் பொன்னும் வெள்ளியும் கொடுக்கிறார்கள் என்பது அது. "தேசிக்காய்க்கு ஏன் பொன் குடுத்தவை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். சற்று நேரம் கழிந்து முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "முரசு வருத்தம், ரீச்சர்" என்றாள். நூலில் அப்படி ஒரு விளக்கம் இல்லை. இது அந்தப் பிள்ளையின் ஊகம். ஆனால் நல்ல ஊகம். மாதக்கணக்கில் கடலில் வாடி வந்தவனுக்கு ஒரு தேசிக்காயின் பெறுமதி என்ன என்பதைக் கரையில் நின்றவர்கள் அறிந்திருக்கவில்லை. அவனைப் பைத்தியக்காரன் என்றுகூட நினைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமல் நின்ற அந்தக் கணத்தைப் பாடநூலின் எந்தத் தடித்த எழுத்தும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

அடுத்ததாக வந்தது தொர்தெசில்லாஸ் உடன்படிக்கை. 1494 ஜூன் 7ஆம் நாள் ஸ்பானியாவும் போர்த்துக்கலும் செய்துகொண்ட ஒப்பந்தம். அத்திலாந்திக் கடலில் கேப் வேர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் வடக்குத் தெற்காக ஒரு கோடு. அதற்கு மேற்கே புதிதாகக் காணப்படுபவை ஸ்பானியாவுக்கு, கிழக்கே காணப்படுபவை போர்த்துக்கலுக்கு. வஸ்கொடகாமா புறப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே நடந்த பங்கீடு இது. ஆசிரியை பலகையில் கோட்டைக் கீறி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்:

"ஒருத்தரும் போய்ப் பாக்காத காணியை எப்பிடி ரீச்சர் பங்கு பிரிச்சவை? ஆர் குடுத்த உறுதி?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அந்த மண்ணின் கதை தெரிந்தவர்கள் உணர்வார்கள். 2008ஆம் ஆண்டு துணுக்காய் மக்கள் ஊரை விட்டுக் கிழக்கே நகர்ந்தார்கள். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒதுங்கி ஒதுங்கி, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபின் செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த ஆண்டின் இறுதிப் பகுதியிலேதான் மீள்குடியேற்றம் தொடங்கியது. அந்த வகுப்பிலிருந்த பிள்ளைகள் அப்போது நாலு, ஐந்து வயதுக் குழந்தைகள். காணி உறுதியையும் குடியேற்றத் திட்ட அனுமதிப்பத்திரத்தையும் வழியில் தொலைத்துவிட்டுத் திரும்பிவந்த வீடுகளில், எல்லைக்கல் எங்கே நின்றது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள். தொர்தெசில்லாஸ் என்ற பெயர் அவர்களுக்கு வாயில் நுழையவில்லை. விஷயம் உடனே நுழைந்துவிட்டது.

இடையில் என் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2008 ஓகஸ்டில் துணுக்காய் என்ற பெயர் திடீரென்று உலகச் செய்திகளில் அடிபட்டது. படையினர் கைப்பற்றினர் என்ற அறிவிப்பு. கொழும்பில் ஒரு மேசையில் இருந்து நானும் அதை ஒரு வரிச் செய்தியாக எழுதினேன். ஊர்ப் பெயர், திகதி, மாங்குளத்திலிருந்து எவ்வளவு தூரம். அங்கே யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அந்த வரியில் இல்லை. இடமில்லை, தகவலில்லை, தணிக்கை, அச்சம் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம், அவற்றில் பொய்யும் இல்லை. ஆனாலும் ஓர் ஊரின் பெயரை அதை அடைந்தவனின் பக்கம் நின்று மட்டுமே எழுதுவது வஸ்கொடகாமாவின் காலத்துப் பழக்கம்தான் என்று பின்வாங்கில் இருந்தபோது உறைத்தது.

இனி, நான் அந்த வகுப்புக்குக் கொண்டுபோன பொருளுக்கு வருகிறேன். அது ஒரு வரைபடத்தின் நகல். றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை இலங்கை வாசகர்கள் அறிவார்கள். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில், புயலில் முறிந்த பாய்மரத்துக்கு மாற்றுத் தேடி ஒதுங்கிய கப்பலில் வந்து, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் கைதியாக வாழ்ந்து, 1679 ஒக்டோபரில் அனுராதபுரத்துக் காட்டுவழியே மல்வத்து ஓயாவைப் பிடித்து நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில் இலங்கையின் வரைபடம் ஒன்று உண்டு. அதன் வடபகுதியில், கண்டி அரசுக்கும் ஒல்லாந்தரின் யாழ்ப்பாணத்துக்கும் இடையே, ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. நொக்ஸின் காதில் விழுந்தபடி எழுதியதால் "கொய்லட் வன்னி" என்பதுபோல் படிக்க வேண்டியிருக்கும். கைலாய வன்னியனின் நாடு என்பதே பொருள்.

கைலாய வன்னியன் பனங்காமத்து வன்னியன். பனங்காமம் துணுக்காயிலிருந்து தூரமில்லை, பாண்டியன்குளம், நட்டாங்கண்டல் பக்கம். வகுப்பில் இருந்த சில பிள்ளைகளுக்கு அங்கே சொந்தக்காரர் உண்டு. இலண்டனில் அச்சான வரைபடத்தில் தங்கள் பக்கத்து ஊர்த் தலைவனின் பெயர் இருப்பதை அவர்கள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "பிழையா எழுதியிருக்கினம், சேர்" என்று ஒரு சிறுமி என்னிடம் முறையிட்டாள். பிழையாக எழுதியதால்தான் அதன் பெறுமதி கூடுகிறது, அந்த மனிதர் அதைப் புத்தகத்தில் பார்த்து எழுதவில்லை, ஆரோ சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார் பிள்ளை என்றேன்.

நொக்ஸ் சொல்லும் விவரம் இதைவிட முக்கியமானது. இந்த வன்னியன் கண்டி அரசனுக்கும் கட்டுப்பட்டவனல்லன், ஒல்லாந்தருக்கும் முழுமையாகப் பணிந்தவனல்லன் என்று அவர் எழுதுகிறார். ஒல்லாந்தர் போர்செய்தும் அவனை அடக்க முடியவில்லை, ஆனாலும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகை யானைகளைத் திறையாகக் கொடுக்கும் நிலைக்கு அவனைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அவர் தரும் செய்தி. கப்பலேறி வந்தவர்கள் வெறும் நிலத்தைக் "கண்டுபிடிக்கவில்லை". முகமும் பெயரும் பிடிவாதமும் உள்ள ஆட்சியாளர்களோடு மோதினார்கள், பேரம் பேசினார்கள், சில இடங்களில் பாதிதான் வென்றார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்றைத் துணுக்காய்ப் பிள்ளைக்குக் காட்ட என்னால் முடியாது.

ஏன் யானை என்ற கேள்வி உடனே வந்தது. மிளகும் கறுவாவும் தேடி வந்தவர்கள் என்றுதானே புத்தகம் சொல்கிறது? வன்னியில் கறுவா இல்லை. காட்டில் யானை இருந்தது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்ததும், 1658இல் அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் அதைப் பறித்ததும் பாடநூலில் உண்டு. யாழ்ப்பாணப் பட்டினத்தின் பெரும் வருமானங்களில் ஒன்று வன்னிக் காட்டு யானை என்பது அந்தப் பக்கங்களில் அடிபடுவது குறைவு. வன்னியர்கள் கொடுத்த யானைகள் குடாநாட்டுக்குள் ஆழமற்ற கடல்நீரேரியைத் தாண்டி நடத்திச் செல்லப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரை இதைச் சொல்லாமல் விளக்க முடியாது. அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். உயரத்தை அளந்து விலை வைத்து, கோல்கொண்டா, வங்காளம் முதலிய இடங்களின் வணிகருக்கு விற்றார்கள். ஊர்காவற்றுறையின் மற்றப் பெயரான கேற்ஸ், போர்த்துக்கேய மொழியில் கப்பல்துறை மேடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததென்பர். கோவாவையும் பட்டாவியாவையும் இயக்கிய பெருவணிகத்தின் ஒரு நுனி துணுக்காய்க் காட்டுக்குள் கிடந்தது.

இந்த இடத்தில் ஆசிரியையுடன் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு எழுந்தது. அவர் கைலாய வன்னியனைப் பண்டாரவன்னியனின் வரிசையில் வைத்து, வீரத்தின் கதையாகவே பாடத்தை முடிக்க விரும்பினார். பண்டாரவன்னியனை அங்கே அறியாத பிள்ளை இல்லை. 1803ஆம் ஆண்டு முல்லைத்தீவில் ஆங்கிலேயரைத் துரத்தியவன், அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டவன் என்று கல்லே நாட்டியிருக்கிறார்கள். ஆனால் வஸ்கொடகாமாவுக்கும் பண்டாரவன்னியனுக்கும் இடையில் முந்நூறு ஆண்டுகள் உள்ளன. அந்த முந்நூறு ஆண்டுகளில் வன்னியர் வாளெடுத்த நாட்களைவிட யானை எண்ணிக் கொடுத்த நாட்கள் அதிகம். கொடுக்கவேண்டிய யானைகள் நிலுவையில் கிடப்பதைப் பற்றி ஒல்லாந்த அதிகாரிகள் தமக்குப் பின் வருவோருக்கு எழுதிவைத்த குறிப்புகளில் ஓயாமல் புலம்புவார்கள். நிலுவை வைப்பதும் ஒருவகை எதிர்ப்புத்தான் என்று நான் எண்ணுகிறேன். ஆனால் அந்த யானையைக் காட்டுக்குள் போய்ப் பிடித்தவன் வன்னியன் அல்லன். குழி வெட்டியவனும் கயிறு வீசியவனும் மிதிபட்டவனும் குடிமக்கள். வென்றவனின் கப்பலிலிருந்து இறக்கிய பிள்ளையை நேரே தலைவனின் மாளிகையில் ஏற்றிவிட்டால் நாம் என்ன திருத்தினோம் என்று கேட்டேன்.

"ஐயா, சோதினையிலை கேக்கிறது ஆர், எந்த ஆண்டு எண்டுதானே" என்றார் ஆசிரியை. அவர் சொன்னதும் நியாயமே. சான்றிதழ் வழியாக மட்டுமே வெளியுலகத்துக்குக் கதவு திறக்கும் ஊரில், மதிப்பெண் தராத பாடத்துக்கு அவர் எத்தனை பாடவேளையைச் செலவிட முடியும்? போருக்கு முன்பிருந்த நூலகப் புத்தகங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று சொல்லி, அலுமாரியைத் திறந்து காட்டினார்.

ஆதாரங்களைப் பற்றியும் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். போர்த்துக்கேயர் இலங்கையில் நடத்திய போர்களைப் பற்றி மிக விரிவாக எழுதிய குவேறோஸ் பாதிரியார் இலங்கைக்கு வந்ததே இல்லை. கோவாவில் இருந்துகொண்டு பிறர் சொல்லக் கேட்டும் எழுதியதைப் படித்தும் தொகுத்தார். நம்முடைய யாழ்ப்பாண வைபவமாலையோ, மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்கிணங்க மயில்வாகனப் புலவர் எழுதியது. நம் ஊர்க் கதையை நாமே எழுதியபோதும் கேட்டவன் ஒல்லாந்தன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் படிக்கும்போது தெரிந்திருக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது விளங்காது என்பவர்கள், "ஆர் குடுத்த உறுதி" என்று கேட்ட அந்தக் குரலைக் கேட்டிருக்கவில்லை.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஆச்சி ஒருவர் அவித்த கச்சான் விற்றுக்கொண்டிருந்தார். கச்சான் தென்னமெரிக்காவில் பிறந்த பயிர். மரவள்ளியும் அப்படியே. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. கப்பல்களோடு வந்த இவை இல்லாமல் இன்றைக்கு வன்னியில் மேட்டுநிலப் பயிருமில்லை, வீட்டுக் குழம்புமில்லை. இதையும் பாடத்தில் சேர்க்கச் சொன்னேன். "சேர்த்தால் பிள்ளையள் வஸ்கொடகாமாவை மன்னிச்சுப்போடுவினம்" என்றார் ஆசிரியை, சிரித்துக்கொண்டே.

வரைபட நகலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சில மாதங்களின் பின், மாரி தொடங்கி வவுனிக்குளம் நிரம்பிவரும் வேளையில், ஆசிரியை தொலைபேசியில் பேசினார். நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வகுப்பில் மாட்டியிருக்கிறார்களாம். பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள் என்று முறையிட்ட சிறுமி, அதன் கீழே சரியான தமிழில் "கைலாய வன்னியன் நாடு" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அவள் எனக்கு ஒரு கேள்வியும் கொடுத்துவிட்டிருந்தாள். அந்த யானைகளைப் பிடித்த ஆட்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா என்பது.

நான் படித்த ஒல்லாந்தக் குறிப்புகளின் மொழிபெயர்ப்புகளை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். வன்னியர்களின் பெயர் இருக்கிறது, தளபதிகளின் பெயர் இருக்கிறது, யானைக் கணக்கு இருக்கிறது. பிடித்தவர்களின் பெயர் நான் புரட்டிய பக்கங்களில் இல்லை. அப்படியே எழுதி அவளுக்குக் கடிதம் போட்டேன். ஊரில் வயதான ஆட்களிடம் யானை பிடித்த பரம்பரைக் கதைகள் ஏதும் இருந்தால் கேட்டு எழுதிவைக்கும்படியும், எழுதும்போது சொன்னவரின் பெயரையும் திகதியையும் மறவாமல் குறிக்கும்படியும் அதில் கேட்டிருந்தேன்.